முக்கால், முழு, ஒன்றேகால், ஒன்றரை

டியூபாவை அப்படிப் படுக்க வைக்கக் கூடாது. வரும் வழியில் அந்த அறைக் கதவு திறந்திருந்தது, பார்த்தேன். அவ்வளவு பெரிய பித்தளை ஊதுவாத்தியம் நான்கையும் மேசைமேல் பக்கவாட்டில் கிடத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அப்படிக் கிடந்தால் மொத்த எடையும் விரலால் அழுத்துகிற வால்வுகள்மேல் இறங்கும். ஒரு வாரத்தில் வால்வு பிடித்துக்கொள்ளும். தலைகீழாக, வாய் தரையில் படும்படி நிறுத்துங்கள். விரிந்த வாயே பீடம் போல நின்றுகொள்ளும். நான் சொன்னேன் என்று அந்த மீசைக்காரக் காவலரிடம் சொல்லுங்கள். நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நான்கில் எது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல எனக்குத் தயக்கமும் இல்லை. ஆனால் "இந்தப் பெருசா, அந்தப் பெருசா?" என்று நீங்கள் கேட்டபோதே உங்கள் கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டது. அதனால் கொஞ்சம் விளக்கிவிட்டு வருகிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே.

டியூபாவில் பெரியது சிறியது என்பதை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். ஒன்று நீளம். சுருட்டி வைத்திருக்கும் குழாயை நீட்டிப் போட்டால் எவ்வளவு வரும் என்பது. உங்கள் மேசையில் வலது ஓரத்தில் கிடப்பது எஃப் சுருதி டியூபா, பன்னிரண்டு அடி. அதற்கு அடுத்தது சி, பதினாறு அடி. மற்ற இரண்டும் பி-ஃபிளாட், பதினெட்டு அடி. இந்த அறையில் மூலைக்கு மூலை வரும். நீளம் கூடக் கூடச் சுருதி இறங்கும். இது பள்ளிக்கூடக் கணக்கு, இதில் யாருக்கும் சண்டை கிடையாது.

இரண்டாவது பருமன். சண்டை எல்லாம் இதில்தான். ஒரே நீளமுள்ள குழாயை ஒல்லியாகவும் செய்யலாம், தொந்தியும் தொப்பையுமாகவும் செய்யலாம். பருமனைச் சொல்ல எங்கள் தொழிலில் பின்னக் கணக்கு வைத்திருக்கிறோம். முக்கால், முழு, ஒன்றேகால், ஒன்றரை. எதில் முக்கால், எதற்கு ஒன்றரை மடங்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பட்டறைக்காரரின் முழு, இன்னொருவருக்கு ஒன்றேகால். சட்டை வாங்குவது போலத்தான், போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ஒன்றரை என்றால் ஒன்றரைதான். அதைப் பார்த்து யாரும் வேறொன்று என்று நினைக்க முடியாது. வாய் ஐம்பது சென்டிமீட்டர் அகலம். எடை பதினான்கு கிலோ. மடியில் ஏற்றி வைத்தால் வாசிப்பவன் முகத்தில் பாதி மறைந்துவிடும். அந்த ஒன்றரை என்னுடையது. எஃப், முக்கால் பருமன், எட்டரைக் கிலோ. அது என் தங்கையின் கணவருடையது.

அவரை நான் மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். பெயரெல்லாம் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. மாப்பிள்ளைமேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை என்பதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மறந்துபோகும்.

ஓர் இசைக்குழுவில் வயலின் வாசிப்பவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் மீதி இருபத்தொன்பது பேர் சமாளித்துவிடுவார்கள். டியூபா ஒன்றுதான். ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் ஓய்வு பெற வேண்டும், இல்லையென்றால் அவருக்கு ஏதாவது ஆக வேண்டும். அதுவரை மற்ற டியூபாக்காரர்கள் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். குச்சியை ஆட்டி இசைக்குழுவை நடத்துகிறவரை நாங்கள் கண்டக்டர் என்போம். பஸ் கண்டக்டர் மாதிரியே இவரும் ஆளைப் பார்த்ததும் இடமில்லை என்றுதான் ஆரம்பிப்பார் என்று எங்களுக்குள் ஒரு கேலி உண்டு.

பதினைந்து வருடத்துக்கு முன் அந்த நாற்காலி காலியானது. தேர்வுக்குப் பன்னிரண்டு பேர் வந்தோம். மேடைக்கும் நடுவர்களுக்கும் நடுவே கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். யார் வாசிக்கிறார்கள் என்று தெரியக் கூடாது, காதுக்கு மட்டும்தான் வேலை. நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று செருப்பைக்கூடக் கழற்றச் சொன்னார்கள். கடைசியில் ஏழாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் மிஞ்சினோம். நான் ஒன்பது. நான் ஒன்றரையில் வாசித்தேன். மேடைப் பலகை என் உள்ளங்காலில் அதிர்ந்தது. ஏழாம் எண் அந்தச் சின்ன எஃப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. லாரிப் பந்தயத்துக்குச் சைக்கிளில் வந்தவனைப் பார்ப்பது போல எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏழாம் எண்ணைத்தான் எடுத்தார்கள்.

துணியை விலக்கியதும் மாப்பிள்ளை, அப்போது இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை, நடுவர்களிடம் போகாமல் முதலில் என்னிடம் வந்தார். "உங்க சத்தம் வயித்துக்குள்ள கேட்டுச்சுங்க. நான் தோத்துட்டேன்னுதான் நினைச்சேன்" என்றார். அப்படிப்பட்ட மனிதர். நான் அதை மறந்ததே இல்லை.

எனக்குத் தரைக்குக் கீழே உள்ள பழுதுபார்க்கும் பட்டறையைக் கொடுத்தார்கள். பித்தளை வாத்தியம் எது நசுங்கினாலும் என்னிடம் வரும். கூடவே, டியூபாக்காரருக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவருக்குப் பதில் நான் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதல் பதினொரு வருடத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டே முறை காய்ச்சல் வந்தது. அதில் ஒன்று விடுமுறை நாளில்.

என் தங்கைக்கு எலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கை காலைப் பழையபடி நடமாட வைக்கும் வேலை. ஒரு நாள் என்னிடம் வீட்டுச் சாவி வாங்கப் பட்டறைக்கு வந்தாள். அப்போது அவர் எஃப்பை மடியில் வைத்து வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள கைய விட்டுப் பாருங்க" என்றார் அவளிடம். அவள் முழங்கை வரை விட்டாள். அவர் ஒரே ஒரு சுரத்தை மெதுவாக, நீளமாக ஊதினார். "ஐயோ, கூசுது" என்று சிரித்தாள். ஆறு மாதத்தில் கல்யாணம். முன்னால் நின்று நடத்தி வைத்தவன் நான்தான். என் வீட்டு மாடியிலேயே குடிவந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் மாடியிலிருந்து சாப்பாடு வந்துவிடும். ஒரு குறையும் இல்லை.

பல் விஷயம் நடந்து நான்கு வருடம் இருக்கும்.

பட்டறையில் மேசைக்கும் சுவருக்கும் நடுவே இடம் குறுகல். அங்கே நாற்காலி போட்டு அவர் வாசித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றரையை அதன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு எதிரே வந்தேன். வாசிக்கும்போது எதிரிலிருந்து யாராவது டியூபாவின் வாயில் மோதினால், அந்த இடி மவுத்பீஸ் வழியாக நேரே பல்லுக்குப் போகும். மவுத்பீஸ் என்பது உதட்டில் வைத்து ஊதும் முனை, சின்னக் கிண்ணம் அளவுக்குக் கெட்டிப் பித்தளை. அதனால்தான் எந்த டியூபாக்காரனும் ஆள் நடமாடுகிற இடத்தில் உட்கார்ந்து வாசிக்க மாட்டான். இவர் என்னை நம்பி உட்கார்ந்திருந்தார். என் கால் தடுக்கியது. பெட்டி எஃப்பின் வாயில் மோதியது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு உடைந்து உள்ளே மடிந்தன. மேலுதடு மூக்கு வரை கிழிந்தது. அவர் கத்தவில்லை. கத்துவதற்கு வாய் அந்த நிலையில் இல்லை.

நானே அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்து டியூபாவைக் கழுவினேன். இரத்தம் பித்தளைக்கு ஆகாது, காய விட்டால் பச்சை பூத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை மூன்று முறை ஊற்றினேன். மூன்றாவது முறை முதல் வளைவிலிருந்து ஒரு பல் துண்டு வந்து விழுந்தது. மருத்துவருக்குத் தேவைப்படலாம் என்று காகிதத்தில் மடித்துத் தங்கையிடம் கொடுத்தேன்.

எதில் தடுக்கியது என்று நேற்றுக் கேட்டீர்கள். தரையில் ஒன்றும் இல்லைதான். பழகிய தரையிலும் கால் தடுக்கும்.

பதினொரு வாரம் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஒன்றரையைத்தான் எடுத்துப் போனேன். பெரிய இசைக்குழுவுக்குச் சின்ன டியூபா என்பது கோபுரத்துக்குத் தீப்பெட்டியில் அடித்தளம் போடுவது போல என்பது என் கொள்கை. அதை யாரிடமும் ஒளித்ததில்லை. முதல் ஒத்திகையிலேயே கண்டக்டர் குச்சியை நிறுத்தி, "சார், மத்தவங்களும் இங்க வாசிக்கிறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் வாரம் மாப்பிள்ளை செயற்கைப் பல்லோடு வந்து உட்கார்ந்தார். முன்பைவிடச் சுத்தமாக வாசிக்கிறார் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

அடுத்தது கை. இரண்டு வருடத்துக்கு முன்.

இசைக்குழுவின் சி டியூபாவில் அடிவளைவு நசுங்கியிருந்தது. அதை எடுக்க ஒரு கனமான இரும்புக் கம்பியைப் பிடிப்பானில் முடுக்கி, அதன் நுனியில் இரும்பு உருண்டையை மாட்டி, வளைவை அதன்மேல் மாட்டிக்கொண்டு வெளியிலிருந்து சுத்தியலால் தட்ட வேண்டும். ஒருவர் குழாயைப் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம். மாப்பிள்ளை வந்து வலது கையால் பிடித்துக்கொண்டார். அந்தக் கையின் மூன்று விரல்கள், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், அவைதான் வால்வுகளை அழுத்துகிறவை. மற்ற இரண்டும் சும்மா.

ஆஸ்பத்திரிச் சீட்டில் சுத்தியல் தவறிப் பட்டது என்று இருக்கும். அதைச் சொன்னவர் மாப்பிள்ளை. நான் வாயே திறக்கவில்லை. "மச்சான் அடிக்கிற நேரத்துல நான்தான் கைய நடுவுல கொண்டுபோயிட்டேன்" என்றார் மருத்துவரிடம். ஒரு அடி என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று. முதல் அடி தவறியது சரி, மற்ற இரண்டும் எப்படி என்று கேட்பீர்கள். சுத்தியல் பிடிக்கிறவனுக்குத் தாளம் என்று ஒன்று உண்டு. ஆரம்பித்துவிட்டால் கை தானாகப் போகும். எலும்பு பித்தளை மாதிரி இல்லை, முதல் அடியிலேயே சத்தம் மாறிவிடுகிறது. அதைக் கவனித்திருந்தால் நிறுத்தியிருக்கலாம்.

மூன்று விரலும் ஒட்டின, ஆனால் மடங்கவில்லை. நாற்காலி மறுபடி என்னிடம் வந்தது, இந்த முறை பத்துப் பதினொரு வாரம் என்று இல்லை. இரண்டாவது மாதம் கண்டக்டர் கூப்பிட்டு, "அந்தப் பெரிய அண்டாவ விட்டுட்டு வேற ஏதாவது எடுத்துட்டு வாங்களேன். இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்" என்றார். அன்று மாலையே சி டியூபாவுக்கு மாறினேன். நான் என் கையாலேயே சரிசெய்த அதே டியூபா. முழுப் பருமன், நடுத்தரமான சத்தம், யாரையும் தொந்தரவு செய்யாது. ஒன்றரையைத் துடைத்துப் பட்டறையில் வைத்தேன். இதில் கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. நாற்காலியில் ஆள் இருந்தால்தானே கொள்கை.

நான்கு மாதம் கழித்து மாப்பிள்ளை எஃப்பைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வலது கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தார்.

"மச்சான், இத இடது கைக்குத் திருப்பிக் கட்ட முடியுமா? கண்ணாடியில பாக்குற மாதிரி."

டியூபாவின் வடிவம் ஒன்றுபோல இருக்காது. சிலவற்றில் வாய் வாசிப்பவரின் இடது தோள் பக்கம் சாய்ந்திருக்கும், சிலவற்றில் வலது பக்கம். சிலவற்றில் வால்வு மேல்நோக்கி நிற்கும், சிலவற்றில் முன்னால் படுத்திருக்கும். எப்படி இருந்தாலும் வலது கை விரலுக்குத்தான் செய்திருப்பார்கள். ஒரு டியூபாவை இடம் வலமாகத் திருப்புவது என்றால் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்புகிற மாதிரி அல்ல. மொத்தத்தையும் பிரித்து, பாதிக் குழாயைப் புதிதாக வளைத்துக் கட்ட வேண்டும்.

"கட்டிடலாம். ஆனா விரல் கேக்காது மாப்ளே. இந்த வயசுல இடது கை புதுசா என்னத்தக் கத்துக்கும்?"

"கத்துக்கும். அத உங்க தங்கச்சி பாத்துக்குவா. நீங்க கட்டிக் குடுங்க, போதும்."

கட்டிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஆனது. நாற்பத்தோரு இடத்தில் பற்றவைப்பு, ஒன்றில்கூடக் காற்றுக் கசியாது. உங்கள் ஆட்கள் அதைப் பிரித்துப் பார்த்தால் பாராட்டத்தான் செய்வார்கள். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. கையை நசுக்கியவன் ஏன் கட்டிக் கொடுத்தான் என்று கேட்டீர்கள். அவர் கேட்டார், செய்தேன். உறவு என்றால் அதுதான். அவரால் அதில் ஒரு பாட்டுக்கூட வாசிக்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்பதும் உண்மை. ஆனால் அது வேறு விஷயம்.

காலையில் ஒத்திகைக்குப் போகும் முன் நான் கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். மேலே அவர் பழகுவார். முதலில் சளிபிடித்த எருமை மாதிரி இருந்தது. தங்கை பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலுக்குக் கணக்குச் சொல்லுவாள். நடுவில் இருவரும் சிரிப்பார்கள். அடுத்த மாதமும் எருமைதான். ஐந்தாவது மாதம் எருமைக்குச் சளி விட்டது. ஒன்பதாவது மாதம் ஒரு நாள் மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது எனக்கு. மேலே கேட்டது பழைய ஏழாம் எண்.

அவர் நிர்வாகத்திடம் போனார். சும்மா நாற்காலியைக் கொடுக்க வேண்டாம், மறுபடி துணி கட்டுங்கள், மச்சானும் வாசிக்கட்டும், நானும் வாசிக்கிறேன், யார் நன்றாக வாசிக்கிறாரோ அவர் உட்காரட்டும் என்று அவர்தான் சொன்னாராம். போன புதன்கிழமை துணி கட்டினார்கள். இரண்டே பேர். நான் சி டியூபாவில் வாசித்தேன். ஒரு பிசிறு இல்லை. அவர் இடது கையால் வாசித்தார்.

முடிவைச் சொன்னதும் வயலின்காரர்கள் வில்லால் எதிரே இருந்த இசைக்குறிப்பு ஸ்டாண்டைத் தட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல். கண்டக்டர் மேடைக்கு ஏறி வந்து மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். தங்கை ஓடி வந்து அவரிடம் போகாமல் என் தோளில் சாய்ந்து அழுதாள். "எல்லாம் உன் கையாலதான் நடந்துச்சுண்ணே" என்றாள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். மேலே மேடையில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரே சத்தம். மாப்பிள்ளை எஃப்பை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். இரண்டாவது வால்வு லேசாக இழுக்கிறது, சனிக்கிழமைக் கச்சேரிக்கு முன் பார்த்துக் கொடுங்கள் என்றார். இரும்பு அலமாரிக்குக் கீழே இருந்த முக்காலியில் உட்கார்ந்து, "இங்க பாருங்க, இந்த இடத்துல" என்று வாசித்துக் காட்டினார். நான் எண்ணெய்ப் புட்டி எடுக்க ஏணியில் ஏறினேன். எண்ணெய்ப் புட்டி மேல்தட்டில் இருக்கும். ஒன்றரையும் அன்று மேல்தட்டில் இருந்தது. கனமானதைக் கீழேதான் வைப்பது வழக்கம், நீங்கள் குறித்துக்கொண்டது சரிதான். கீழே இடம் இல்லை. காலையில்தான் மாற்றி வைத்தேன்.

அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்காமலே பேசினார்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அந்தச் சுத்தியல்... கை தவறலன்னு எனக்குத் தெரியும். பல்லும்தான். அவகிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

நான் மேல்தட்டில் எண்ணெய்ப் புட்டியைத் தேடினேன்.

"எனக்கு உங்க மேல வருத்தம் இல்ல. அந்த ஒத்த நாற்காலிக்காக நீங்க எத்தனை வருஷம் நின்னீங்கன்னு எனக்குத் தெரியாதா? நேத்து கண்டக்டர்கிட்ட பேசிட்டேன். மாசத்துக்கு ஒரு கச்சேரி நீங்க வாசிங்க. உங்க பெருசுலயே வாசிங்க. நான் உக்காந்து கேக்குறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவர் பிச்சை போடுகிற தொனியில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குக் கை நடுங்கியது என்று நினைக்கிறேன். ஒன்றரை விளிம்பில் இருந்தது. நான் தொட்டேன்.

பதினான்கு கிலோ, இரண்டு மீட்டர் உயரம். யாரும் தப்ப முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்றரையின் அடிவளைவு யானைக்கால் மாதிரி அகலம். விழுந்தால் வேகம் ஒரு புள்ளியில் இறங்காமல் பரவிப் போகிறது. வலது தோளில் விழுந்தது. தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் ஏணிமேல் எனக்குக் கேட்டது. அவர் முக்காலியோடு சாய்ந்து தரையில் கிடந்தார். நினைவு இருந்தது. விழுந்த வேகத்திலும் இடது கையை நெஞ்சுக்குள் மடக்கிக் காப்பாற்றியிருந்தார். அதை மெதுவாக நீட்டி, விரலை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கைக்கு ஒண்ணும் ஆகல மச்சான்" என்றார். நான் பயந்திருப்பேன் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

நான் இறங்கி வந்தேன். எஃப் அவர் பக்கத்தில் கிடந்தது. எட்டரைக் கிலோவை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்குவது கஷ்டமே இல்லை. வாய்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் அடிவளைவு ஒடுக்கமாக, உலக்கை மாதிரி முன்னால் நிற்கும். அந்த வளைவில் தேயாமல் இருக்க நானே ஒரு தடித்த தகடு பற்றவைத்திருந்தேன்.

முதல் அடி அந்தக் கைக்கு. அதன் பிறகுதான் அவர் முகத்தில் பயம் வந்தது. "அவளுக்கு நான்..." என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குமேல் என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை. மற்ற அடிகள் தலைக்கு. உங்கள் மருத்துவர் ஆறு என்று எழுதியிருக்கிறார். ஏழு. கடைசி இரண்டும் ஒரே இடத்தில் விழுந்திருக்கும், அதனால் அவருக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கும். மூன்றாவது அடியிலேயே உடம்பு அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தாளம் பற்றி ஏற்கனவே சொன்னேன். மேலே விளக்கு மாட்டுகிறவர்கள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, நான்கில் எது என்று கேட்டால், இரண்டு. ஒன்றரையால் ஆகவில்லை, முக்காலால் ஆனது. காயங்கள் இரண்டு அளவில் இருக்கின்றன என்று உங்கள் மருத்துவர் குழம்பியது அதனால்தான். சி டியூபாவுக்கும் ஒன்றேகால் பி-ஃபிளாட்டுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. அவற்றைத் திருப்பி அனுப்பிவிடலாம், இசைக்குழுவுக்குத் தேவைப்படும்.

எஃப்பைக் கழுவித் துடைத்து ஆணியில் மாட்டினேன். தகட்டில் ஒரு சின்ன நசுங்கல், அதையும் எடுத்தேன். என் சட்டையை மாற்றிக்கொண்டு, மேலே போய், ஒன்றரை அலமாரியிலிருந்து விழுந்துவிட்டது, மாப்பிள்ளை அடியில் இருந்தார் என்று சொன்னேன். அதில் பொய் என்று எதுவும் இல்லை. தங்கையைக் கூட்டிவரவும் நானே போனேன். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு கிழவருக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தாள். அவரை நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுத்தான் என்னோடு வந்தாள். வழியில் ஒரே கேள்விதான் கேட்டாள். "கையில அடிபட்டிருக்கா?"

வெள்ளிக்கிழமை கண்டக்டர் போனில் கூப்பிட்டார். எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "நாளைக்குக் கச்சேரிய..." என்று இழுத்தார். "வாசிக்கிறேன்" என்றேன். சனிக்கிழமை ஆரம்பத்தில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். டியூபா மடியில் இருக்கும்போது எழுந்து நிற்பது சிரமம். அரங்கத்தில் ஆயிரம் பேர் தலைகுனிந்து நிற்க, அந்த நாற்காலியில் நான் ஒருவன் உட்கார்ந்திருந்தேன். கச்சேரி நன்றாகப் போனது. திங்கட்கிழமை நீங்கள் வந்தீர்கள்.

இதில் எதையும் நான் முன்கூட்டித் திட்டமிடவில்லை. கால் தடுக்கியது, கை தவறியது, கை நடுங்கியது. ஒரு மனிதனுக்குப் பதினைந்து வருடத்தில் மூன்று முறை இப்படி ஆகலாம். திட்டமிடுகிறவனாக இருந்தால் முதலிலேயே எஃப்பைத் தூக்கியிருப்பேனே.

தங்கை ஏதோ சொன்னாள் என்றீர்கள். வியாழக்கிழமை காலை அவள் சாப்பாட்டைக் கொண்டு கீழே வந்தபோது நான் கச்சேரிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன் என்றாளா? அது உண்மைதான். அவள் என்றைக்கும் பொய் சொன்னதில்லை. "கோட்டு எதுக்குண்ணே? சனிக்கிழமை அவருதானே வாசிக்கிறாரு?" என்று கேட்டாள். காலர் பக்கம் நிறையக் கசங்கியிருந்தது, அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நீங்களே சொல்லுங்கள். அவர் போன மூன்றாம் நாள், அத்தனை பேர் அவருக்காக எழுந்து நிற்கும்போது, அவருடைய நாற்காலியில் நான் கசங்கிய கோட்டோடு உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளைக்கு அது மரியாதையாகவா இருக்கும்?